சுவாதித் திருநாளும் சுத்தப் பிரதி எழுதியவர்களும்

இசை மேதைகளைப் பற்றிய சரித்திரப் படம் என்றால் எந்த மொழியாக இருந்தாலும் உட்கார்ந்து பார்த்துவிடுவேன். சித்தூர் நாகையாவின் 'தியாகய்யா' (1946), ஜி.வி. ஐயரின் கன்னடப் படம் 'ஹம்சகீதே' (1975), மோஸார்ட்டைப் பற்றிய 'அமேடியஸ்' (1984) என்று ஒரு வரிசை உண்டு. அண்மையில் பேரன் கணினியில் எனக்காகத் தேடிப் போட்டுக் கொடுத்த படம், லெனின் ராஜேந்திரன் இயக்கி 1987-ல் வெளிவந்த மலையாளப் படமான 'சுவாதித் திருநாள்'.

இந்தப் படத்தைப் பற்றிச் சென்னையில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. படம் வந்த எண்பதுகளில், இந்த அரசரை வைத்துச் சென்னைச் சங்கீத உலகத்தில் பெரிய சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. "சுவாதித் திருநாள் பாட்டு எழுதினாரா, இல்லையா?" என்பதே சண்டை. படம் ஒரு பதில் சொல்கிறது, சண்டை போட்டவர்கள் வேறு பதில் சொன்னார்கள். இரண்டிலும் ஒரே கூட்டம் விடுபட்டுப் போகிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில் சரித்திரத்தைப் பார்த்துவிடுவோம்.

பிறக்கும் முன்பே அரசர்

திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மருமக்கள்தாய முறை. அரசுரிமை தாய் வழியில்தான் வரும். 1813 ஏப்ரல் 16-ஆம் தேதி, ராணி கௌரி லட்சுமி பாய்க்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நட்சத்திரம் சுவாதி. ஆகவே சுவாதித் திருநாள் ராம வர்மா. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அரசுரிமை அவருக்கு என்று ஆகிவிட்டதால் 'கர்ப்ப ஸ்ரீமான்' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குழந்தைக்கு இரண்டு வயதிருக்கும்போதே தாயார் காலமாகிவிட்டார். சித்தி கௌரி பார்வதி பாய் பொறுப்பேற்று ஆட்சி நடத்தினார். 1829-ல், பதினாறு வயதில், சுவாதித் திருநாள் நேரடியாக ஆட்சிக்கு வந்தார்.

அவர் கைக்கு வந்த நாடு எப்படிப்பட்டது? 1805-ல் கும்பினியாரோடு செய்துகொண்ட உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அந்தச் சுமையும் ரெசிடெண்டின் அதிகாரமும் பொறுக்காமல்தான் திவான் வேலுத்தம்பி 1809-ல் கலகம் செய்து உயிரை விட்டார். அதற்குப் பிறகு அரண்மனையில் யார் திவான் என்பதில்கூட ரெசிடெண்டின் சொல் முக்கியம். சிம்மாசனத்தில் அரசர் இருப்பார், கணக்குப் புத்தகம் வெள்ளைக்காரன் மேஜையில் இருக்கும்.

அந்தச் சிறிய இடத்துக்குள்ளும் அவர் செய்தவை குறைவல்ல. 1834-ல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி, 1837-ல் வானிலிருக்கும் கோள்களைப் பார்க்க ஒரு வான் ஆய்வுக்கூடம். நம் குமரி மாவட்டத்துச் சுசீந்திரம் கோயிலில், குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தன் தூய்மையை நிரூபிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. கைமுக்கு என்பார்கள். அந்தக் கொடுமையை நிறுத்தியதும் இவர் காலத்தில்தான்.

தஞ்சாவூரிலிருந்து வந்தவர்கள்

தஞ்சை அரசு 1799-ல் நிர்வாகத்தைக் கும்பினியிடம் ஒப்படைத்து, கோட்டைக்குள் சுருங்கிவிட்டது. ஆனால் ஊர் நிறைய வித்வான்கள். ஆதரவு தேடி அவர்கள் பல திக்குகளில் போனார்கள். திருவனந்தபுரம் அவர்களை வரவேற்றது.

அரசரின் ஆசிரியர் தஞ்சாவூர் சுப்பாராவ். ஆங்கிலப் புலமையால் அவருக்கு 'இங்கிலீஷ் சுப்பாராவ்' என்றே பெயர். பிற்பாடு திவானும் ஆனார். கதாகாலட்சேபத்துக்கு மேருசுவாமி. நாட்டியத்துக்கும் இசைக்கும் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள். இவர்களில் கடைசித் தம்பி வடிவேலு வயலினில் வல்லவர். அப்போது வயலின் நம் சங்கீதத்துக்குப் புதிது. 1834-ல் அரசர் அவருக்குத் தந்தத்தாலான ஒரு வயலினைப் பரிசளித்தார்.

உள்ளூரில் இரயிம்மன் தம்பி இருந்தார். இந்த அரசர் குழந்தையாக இருந்தபோது தாலாட்டு எழுதிய கவிஞரே அவர்தான். ஆறு காலங்களில் பாடக்கூடிய ஷட்கால கோவிந்த மாராரும் இருந்தார். திருவையாற்றில் தியாகராஜர் வாழ்ந்துகொண்டிருந்த காலம் இது. முத்துசுவாமி தீட்சிதர் 1835 வரை இருந்தார்.

இந்தச் சபையில் அமர்ந்து சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி என்று பல மொழிகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட உருப்படிகளை அரசர் இயற்றினார் என்பது மரபு. பாட்டில் முத்திரை அவருடைய குலதெய்வமான பத்மநாபனின் பெயர். பங்கஜநாப, சரசிஜநாப என்று அதே பொருள் தரும் சொற்களும் வரும்.

1840-ல் ஜெனரல் கல்லன் ரெசிடெண்டாக வந்தார். அவரோடு கிருஷ்ணராவ் என்பவரும் வந்து நிர்வாகத்தில் நுழைந்தார். ஒவ்வொரு செலவுக்கும் கேள்வி, ஒவ்வோர் உத்தரவுக்கும் குறுக்கே ஒரு கை. அரசர் மெல்ல மெல்ல நிர்வாகத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டார், உடம்பும் சரியில்லை. 1845-ல் வடிவேலு காலமானார். 1846 டிசம்பர் கடைசியில் அரசரும் போய்ச் சேர்ந்தார். வயது முப்பத்து மூன்று. அடுத்த சில நாட்களில், 1847 ஜனவரி 6-ஆம் தேதி, திருவையாற்றில் தியாகராஜரும் சித்தியடைந்தார்.

படம் என்ன செய்கிறது?

இவ்வளவு சோகம் தானாகவே அமைந்திருக்கும் வாழ்க்கையை எந்த இயக்குநர் விடுவார்? அரசராக நடித்தவர் அனந்த் நாக். 'ஹம்சகீதே'யில் பித்துப் பிடித்த பாடகராக நடித்த அதே ஆள்தான். சித்தி கௌரி பார்வதி பாயாக ஸ்ரீவித்யா, தஞ்சாவூர் நாட்டியக்காரி சுகந்தவல்லியாக நம் 'முதல் மரியாதை' ரஞ்சனி. ஒளிப்பதிவு மது அம்பாட். விளக்கொளியில் நிழலாக அசையும் அந்த அரண்மனைக் கூடங்கள் கண்ணை விட்டுப் போக நாளாகும்.

இசை எம்.பி. சீனிவாசன். லெனின் ராஜேந்திரன் இடதுசாரி, எம்.பி.எஸ்ஸும் அப்படித்தான். 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர், 'அக்ரஹாரத்தில் கழுதை'யில் பேராசிரியராக நடித்தவர், சென்னையில் இளைஞர்களைச் சேர்த்துச் சேர்ந்திசைக் குழு நடத்தியவர். திரையிசை வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் அமைத்து நியாயமான கூலிக்காகப் பாடுபட்டவரும் அவரே. இரண்டு இடதுசாரிகள் சேர்ந்து ஒரு ராஜாவைப் பற்றி இவ்வளவு பரிவோடு படம் எடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கல்லனுக்கு முன்னால் அந்த ராஜாவும் அதிகாரமற்ற ஒரு மனிதர்தானே! பாலமுரளிகிருஷ்ணா, ஜேசுதாஸ் முதலியோர் பாடிய பாடல்கள் ஒவ்வொன்றும் தேன். எம்.பி.எஸ். அடுத்த ஆண்டே, 1988 மார்ச்சில், லட்சத்தீவில் காலமானார்.

படத்தைப் பார்த்து முடிக்கும்போது ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். துக்கம் வந்தது, அரசர் பாடினார், பாட்டு பிறந்தது. அன்று அவர் பாடியதைத்தான் இன்று நாம் கேட்கிறோம். இதை எங்கும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் சினிமா நம்மை அப்படி நம்ப வைத்துவிடுகிறது.

'அந்த நாள்' எடுத்தவரின் கேள்வி

இப்போது சண்டைக்கு வருகிறேன். அதை ஆரம்பித்தவர் வீணை எஸ். பாலச்சந்தர். இளைய தலைமுறைக்கு அவர் வீணை வித்வான் மட்டும்தான். எங்கள் வடபழனிக்காரர்களுக்கு அவர் 'அந்த நாள்' (1954) படத்தின் இயக்குநரும்கூட. ஏவிஎம் தயாரிப்பு, பாட்டே கிடையாது. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943-ஆம் ஆண்டில், ரேடியோ என்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். கொன்றது யார்? ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள், ஒவ்வொன்றும் நம்பும்படி இருக்கிறது. யார் சாட்சி சொன்னாலும் உடனே நம்பாதே என்பதுதான் அந்தப் படம் நமக்குக் கற்றுத் தருவது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே மனிதர் சங்கீத சரித்திரத்தில் துப்பறிய இறங்கினார். முப்பத்து மூன்று வயதில் இறந்த ஓர் அரசர், நாடாளும் தொல்லைக்கும் நோய்க்கும் நடுவே, இத்தனை மொழிகளில் இத்தனை பாட்டு எழுதியிருக்க முடியுமா? அப்படி ஓர் இசைப் புலவரே இருந்ததில்லை, இது இருபதாம் நூற்றாண்டில் கட்டிய கதை என்பது அவர் வாதம். இந்தக் கேள்விகளைச் செம்மங்குடி சீனிவாச ஐயரின் முகத்துக்கு நேராக வைத்தார். சபாக்களிலும் பத்திரிகைகளிலும் புகைந்தது. 1990-ல் பாலச்சந்தர் காலமாகும் வரை அவர் விடவில்லை.

கேள்வி கேட்டது சரி. ஆனால் முடிவு சரியா? நமக்கு நிச்சயமாகத் தெரிந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, 1878-ல் சங்குண்ணி மேனோன் எழுதிய திருவிதாங்கூர் வரலாற்றிலேயே இந்த அரசரின் இசை ஈடுபாடு பேசப்படுகிறது. அது இருபதாம் நூற்றாண்டுக் கற்பனை அல்ல.

இரண்டு, 1910-களிலேயே சிதம்பர வாத்தியார் என்பவர் சாகித்யங்களைத் தொகுத்து அச்சிட்டிருக்கிறார். அப்போது செம்மங்குடி சிறு பையன்.

மூன்று, திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடி வந்த முல்லமூடு பாகவதர்கள் என்ற பரம்பரையினர் இருந்தார்கள். குரு சொல்லச் சீடன் கேட்டு, நவராத்திரிக் கீர்த்தனைகளையும் மற்றவற்றையும் காப்பாற்றி வந்தார்கள்.

நான்கு, முப்பதுகளில் மகாராணி சேது பார்வதி பாய் ஊக்கத்தில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் திருவனந்தபுரம் போனார். 1939-ல் சுவாதித் திருநாள் பெயரில் இசைப் பள்ளி தொடங்கியபோது அவரே முதல்வர். அவருக்குப் பிறகு செம்மங்குடி, 1963 வரை. இருவரும் சேர்ந்து பழைய பாட்டுகளைத் தேடி எடுத்து, ஸ்வரப்படுத்தி, கச்சேரிக்கு ஏற்றபடி செப்பனிட்டார்கள். சில பாட்டுகளுக்குச் சொல் இருந்தது, மெட்டு இல்லை. அவற்றுக்குப் புதிதாக மெட்டுப் போட்டார்கள்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 'பாவயாமி ரகுராமம்'. ராமாயணத்தின் ஆறு காண்டங்களும் ஆறு சரணங்களில் அடங்கிவிடும். எம்.எஸ். சுப்புலட்சுமி குரலில் இதைக் கேட்காத தமிழ் வீடு குறைவு. சாவேரியில் தொடங்கி, நாட்டக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி என்று போய் மத்யமாவதியில் பட்டாபிஷேகம் ஆகும். ஆனால் அரசர் பாட்டு முழுவதையும் ஒரே சாவேரியில்தான் அமைத்திருந்தார். ராகமாலிகை ஆக்கியவர் செம்மங்குடி. சீதையைத் தூக்கிக்கொண்டு போகும் காண்டத்துக்கு அடுத்ததாக முகாரி வந்து நிற்கிறதே, நம் நெஞ்சை அடைக்கச் செய்கிறதே, அந்தத் தேர்வு ஒரு திருவிடைமருதூர்ப் பக்கத்து வித்வானுடையது.

இப்போது சொல்லுங்கள், இந்தப் பாட்டு யாருடையது?

ஒரு எழுத்தரின் கோணம்

நான் முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன். ஓர் உத்தரவு எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதிகாரி இரண்டு வரியில் தன் எண்ணத்தைச் சொல்வார். உதவியாளர் பழைய கோப்புகளைப் புரட்டிக் குறிப்பு எழுதுவார். ஒருவர் வரைவு போடுவார், மேலே ஒருவர் திருத்துவார், தட்டச்சர் சுத்தப் பிரதி எடுப்பார். கடைசியில் அதிகாரி கையெழுத்துப் போடுவார். அந்த உத்தரவு அதிகாரியுடையதா? ஆமாம், அவர் இல்லாமல் அது இல்லை, பொறுப்பும் அவருடையது. அவர் மட்டுமே எழுதியதா? இல்லை. கையெழுத்துப் போட்டவர் எழுதவில்லை என்பதால் அது போலி உத்தரவு ஆகிவிடுமா? ஆகாது!

பத்மநாப முத்திரையை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அதில் அரசர் இருக்கிறார், வடிவேலுவும் மேருசுவாமியும் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள், முல்லமூட்டுப் பாகவதர்கள் பிரதி எடுத்திருக்கிறார்கள், முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். படம் கையெழுத்தை மட்டும் பார்த்து உருகுகிறது. பாலச்சந்தர் மற்றவர்களின் கையெழுத்துகளைக் கண்டுபிடித்துவிட்டு, முதல் கையெழுத்தே பொய் என்கிறார். ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு கைதான் இருக்க முடியும் என்று இரு தரப்புமே நினைப்பதுதான் சிக்கல்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதலில் மூன்று கேள்வி கேட்பார். இதை எழுதியது யார், எப்போது, இந்தப் பிரதி யார் கையிலிருந்து நமக்கு வந்தது? மூன்றாவது கேள்விக்குத்தான் வகுப்பில் யாரிடமும் பதில் இருக்காது. அதை அவர் விடவே மாட்டார்.

'அமேடியஸ்' பார்த்தபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. மோஸார்ட் 1791 டிசம்பர் 5-ஆம் தேதி இறந்தபோது, நீத்தார் வழிபாட்டுக்கான 'ரெக்வியம்' என்ற இசைப்படைப்பு பாதியில் நின்றது. அதைக் காசு கொடுத்து எழுதச் சொன்ன வால்செக் பிரபுவுக்கு, அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசை. மோஸார்ட்டின் மனைவி கான்ஸ்டன்ஸே, ஸூஸ்மாயர் என்ற இளைஞரைக் கொண்டு மீதியை எழுதி முடித்தார். பிரபு அதைத் தன் கையாலேயே பிரதி எடுத்து, 1793-ல் தன் படைப்பாக நடத்தியும் காட்டினார். ஒரே படைப்புக்கு மூன்று பேர் கை!

படத்தில் என்ன ஆயிற்று? சாகக் கிடக்கும் மோஸார்ட் சொல்லச் சொல்ல, எதிராளியான சாலியேரி உட்கார்ந்து எழுதுகிறார். அற்புதமான காட்சிதான். ஆனால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. உண்மையில் உழைத்த ஸூஸ்மாயரின் பேனாவைப் பிடுங்கிச் சாலியேரியிடம் கொடுத்துவிட்டார்கள். வில்லனுக்குப் படத்தில் இடம் உண்டு, குமாஸ்தாவுக்குக் கிடையாது. ஆனாலும் இன்று உலகம் முழுவதும் அந்த ரெக்வியத்தைப் பாடுகிறார்கள். ஸூஸ்மாயர் முடித்தது என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிடுகிறார்கள். அதனால் மோஸார்ட்டின் மதிப்பு ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை.

நம்மால் ஏன் அப்படிச் செய்ய முடியவில்லை?

வாத்தியப் பெட்டியோடு நின்றவர்கள்

வடபழனியில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். ஒரு காலத்தில் காலை ஏழு மணிக்கு ஆற்காடு சாலை டீக்கடைகளில் வயலின் பெட்டியும் கையுமாக வாத்தியக்காரர்கள் நிற்பார்கள். ஏழு மணிக்குக் கால்ஷீட் என்று அவசரமாக டீயைக் குடித்துவிட்டு ஓடுவார்கள். அன்று மாலை பதிவான பாட்டு ஆறு மாதத்தில் ஊரெல்லாம் ஒலிக்கும். கேசட் அட்டையில் இசையமைப்பாளர் பெயர், கவிஞர் பெயர், பாடகர் பெயர் இருக்கும். டீக்கடையில் நின்றவர் பெயர் இருக்காது. எம்.பி. சீனிவாசன் சங்கம் வைத்துப் போராடியது இவர்களுக்காகத்தான். அவருடைய இசையில் வந்த படத்திலேயே முல்லமூட்டுப் பாகவதர்களின் பங்கு பெரிதாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இன்றும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறாள். கூடவே வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும். 1956-ல் மாநிலங்கள் பிரிந்து குமரி நம்மோடு சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. ஒன்பது மாலைகளில் ஒன்பது கீர்த்தனைகள், கைதட்டல் கிடையாது. அந்த மண்டபத்தில் ஒரு பெண் அமர்ந்து பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். சுவாதித் திருநாள் இசைப் பள்ளியில் படித்தவர். பாட்டை அடுத்த கைக்குக் கொடுத்தவர்களின் வரிசையில் அவரும் ஒருவர்.

'சுவாதித் திருநாள்' படத்தைக் கட்டாயம் பாருங்கள். அனந்த் நாக்கின் முகத்துக்காகவும் பாட்டுகளுக்காகவும் பார்க்கலாம். பார்த்துவிட்டு, மார்கழி சீசனில் யாராவது 'பாவயாமி' பாடினால், சபாக்காரர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள் வையுங்கள். நிகழ்ச்சி நிரலில் "சாகித்யம்: சுவாதித் திருநாள், ராகமாலிகை அமைப்பு: செம்மங்குடி" என்று இரண்டையும் போடச் சொல்லுங்கள். ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான். நான் போன சீசனில் ஒரு சபா செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். "பார்க்கலாம் சார்" என்றார். கோப்பு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.